டெல்ஃபி: உள்ளூர் உறவினரோடு ஒரு நாள்

ஏதென்ஸில் சொந்தக்காரர் யாராவது இருந்தால், பழங்காலக் கிரேக்கக் கோயில் தலமான டெல்ஃபிக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். தூரம் சுமார் 180 கி.மீ. விடியற்காலையே கிளம்பிவிடுங்கள். டூர் பஸ்கள் வந்து சேருமுன் முதலில் மேலே ஏறிவிடுவது நல்லது. அப்பல்லோ கோயில், அதற்கும் மேலே அரங்கு, உச்சியில் ஓட்டப்பந்தய மைதானம் என்று பாதை முழுக்க ஏற்றம்தான், நிழலும் குறைவு. தொப்பி, தண்ணீர், வழுக்காத ஷூ கட்டாயம் வேண்டும்.

கோயிலைத் தாங்கும் பலகோணக் கற்சுவரை மட்டும் அவசரமாகக் கடக்காதீர்கள். அதில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் உள்ளன. பெரும்பாலானவை அடிமைகளை விடுவித்த ஆவணங்கள். கிரேக்கம் படிக்கத் தெரிந்த உறவினரை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். பழைய மொழி முழுதும் புரியாவிட்டாலும் பெயர்கள் பிடிபடும். விடுதலை பெற்ற ஒருவரின் பெயரை அங்கேயே நின்று காதால் கேட்பதற்கு எந்த ஆடியோ கைடும் ஈடாகாது.

வெயில் ஏறியதும் மியூசியத்துக்குள் போய்விடலாம். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் வெண்கலத் தேரோட்டியைக் கண்டிப்பாகப் பாருங்கள், அவன் கண்மணிகள்கூட அப்படியே இருக்கின்றன. சாப்பாட்டுக்கு, வழியில் உள்ள அராஹோவா மலையூர். அங்கே ஃபோர்மேலா சீஸைச் சூடாக வாட்டித் தருவார்கள். எந்தக் கடை என்பதை உறவினரிடமே விட்டுவிடுங்கள்.