தீவனத்தில் குறைவதை மட்டும் சேர்ப்பது எப்படி: கால்நடைக்கும் கோழிக்கும் கூடுதல் ஊட்டம் தரும் முறை

கூடுதல் ஊட்டச் சத்துகளை வாங்குவதற்கு முன் தொழுவத்தில் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். மாடு சுவரை நக்குவதும், மண்ணையும் துணியையும் மெல்வதும், பழைய எலும்பைக் கடிப்பதும் பெரும்பாலும் உப்பு அல்லது பாஸ்பரஸ் பற்றாக்குறையைக் காட்டும். கருநிற மயிர் செம்பட்டையாக வெளுத்தால் தாமிரக் குறைவையும், குட்டி கழுத்து வீங்கிப் பிறந்தால் அயோடின் குறைவையும், ஓடு கெட்டியாகாத தோல்முட்டைகள் விழுந்தால் கால்சியம் அல்லது வைட்டமின் டி குறைவையும் சந்தேகிக்கலாம். ஆனால் மெலிவும் மங்கிய மயிரும் குடற்புழுவாலும் வரும் என்பதால், முதலில் சாணத்தைச் சோதித்துப் புழுநீக்கம் செய்துவிடுவது நல்லது. வயிறு நிறையத் தீவனமும், கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 3 முதல் 5 லிட்டர் தண்ணீரும் கிடைக்காத மாட்டுக்கு எந்தத் தாது உப்புக் கலவையும் உதவாது.

அடுத்து, பையின் மேல் எந்த விலங்குக்கு என்று அச்சிட்டிருக்கிறது என்பதைப் படிக்க வேண்டும். மிகப் பெரிய இழப்புகள் இந்த இடத்தில் ஏற்படுகின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மாட்டுக்கான தாது உப்புக் கலவையில் உள்ள தாமிரத்தைச் செம்மறியாடு எளிதில் வெளியேற்றாது. அது ஈரலில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும், வெளியில் ஓர் அறிகுறியும் தெரியாது. பிறகு ஒரு நீண்ட பயணமோ, தீவன மாற்றமோ, வேறு அதிர்ச்சியோ வந்தவுடன் சேர்ந்திருந்த தாமிரம் ஒரேயடியாக இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைக்கும். சிறுநீர் செம்பழுப்பாகும், கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகும், ஓரிரு நாளில் ஆடு இறந்துவிடும். ஆகவே செம்மறிக்குச் செம்மறிக்கென்றே தயாரித்ததை மட்டும் கொடுங்கள். மாட்டுத் தீவனத்தில் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து குதிரைக்கு நஞ்சு. புரதத்துக்கு ஈடாகத் தீவனத்தில் சேர்க்கும் யூரியா, அசைபோடும் விலங்குகளுக்கு மட்டுமே உரியது; அதிலும் 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு ஆகாது, மொத்த உலர்தீவனத்தில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தண்ணீரில் கரைத்துக் குடிக்க ஒருபோதும் வைக்கக் கூடாது.

எதற்கு எது தேவை என்பதும் வயிற்றைப் பொறுத்ததே. வளர்ந்த மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் பி வகை வைட்டமின்களைத் தாமே உருவாக்கிக்கொள்ளும் என்பதால், அவற்றுக்கு வைட்டமின் பி12-ஐ வாங்கிக் கொடுப்பதைவிட அதை உருவாக்கத் தேவையான கோபால்ட் தீவனத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே சரி. பன்றிக்கும் கோழிக்கும் அந்த வசதி இல்லை. மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தில் பன்றிக்கு முதலில் குறைவது லைசின், கோழிக்கு முதலில் குறைவது மெத்தியோனின்; இரண்டும் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள்.

அளவைப் பொறுத்தவரை, கறவை மாட்டுக்கான அடர்தீவனம் 100 கிலோவுக்குத் தாது உப்புக் கலவை 2 கிலோவும் சாதாரண உப்பு 1 கிலோவும் என்பது பரவலான வழக்கம். கடையில் வாங்கும் தயார்த் தீவனத்தில் இவை ஏற்கெனவே கலந்திருக்கும். அதன் மேல் மீண்டும் கொட்ட வேண்டாம். கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் பலன் என்ற எண்ணம் ஆபத்தானது. கன்று ஈனுவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் சினைமாட்டுக்குக் கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் உடலின் திறன் மந்தமாகி, ஈன்றவுடன் இரத்தத்தில் கால்சியம் குறைந்து பால் காய்ச்சல் என்ற நோய் வரும் வாய்ப்பு கூடும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுமார் 4 சதவீதம் கால்சியம் இருக்கும்; 1 சதவீத அளவே போதுமான வளரும் குஞ்சுகளுக்கு அதையே போட்டால் சிறுநீரகம் கெடும். முட்டையின் ஓடு இரவில்தான் உருவாகிறது என்பதால், கிளிஞ்சல் துண்டுகளைப் பொடியாக்காமல் மாலையில் வையுங்கள். அவை கோழியின் அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் மெதுவாகக் கரையும்.

வாங்கியது சரியானதாக இருந்தும் பலன் தராமல் போவதற்குக் கலக்கும் முறையே முக்கியக் காரணம். 100 கிலோ கோழித் தீவனத்துக்கு 100 கிராம் வைட்டமின் கலவை என்றால், ஒரு கோழி ஒரு நாளில் தின்னும் 110 கிராம் தீவனத்தில் அதன் பங்கு வெறும் 0.11 கிராம், ஒரு சிட்டிகையிலும் சிறு பகுதி. அதைக் குவியலின் மேல் தூவிப் புரட்டினால் ஒரு கோழிக்கு ஒன்றும் கிடைக்காது, இன்னொன்றுக்கு நாலு மடங்கு போய்ச் சேரும். எனவே 100 கிராமை முதலில் 900 கிராம் நுண்ணிய மாவோடு கட்டியில்லாமல் கலந்து 1 கிலோ ஆக்குங்கள். அதை 9 கிலோவோடும், அந்த 10 கிலோவை மீதமுள்ள 90 கிலோவோடும் கலந்து, கூம்பாகக் குவித்து மறுபக்கம் தள்ளுவதைப் பல முறை செய்யுங்கள். செலினியம் போன்ற நுண்தாதுக்களில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்: தீவனத்தில் கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம் தேவை, 5 மில்லிகிராமைத் தாண்டினால் நஞ்சு.

ஈஸ்ட், பேசில்லஸ் போன்ற நன்மைதரும் நுண்ணுயிர்களும், தானியத்தில் கட்டுண்ட பாஸ்பரஸை விடுவிக்கும் ஃபைடேஸ் நொதியும் பயனுள்ளவையே. உயிருள்ள ஈஸ்ட்டைச் சூடான தீவனத்தில் கலக்காதீர்கள். வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை மட்டும் எந்தப் பெயரிலும் ஏற்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது. பூஞ்சை பிடித்த தீவனத்தை, நஞ்சைப் பற்றிக்கொள்ளும் நச்சுப்பிணைப்பான் சேர்த்துக் காப்பாற்ற முயல வேண்டாம். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு பாலிலும் இறங்கும்.

தொடங்கும் நாளன்று மார்புச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 10,840-ஆல் வகுத்தால் மாட்டின் எடை கிலோவில் ஏறத்தாழக் கிடைக்கும். 15 நாளுக்கு ஒரு முறை, அதே காலை வேளையில், தீவனம் வைப்பதற்கு முன் அளந்து எழுதுங்கள். ஒத்த வயதுள்ள சில விலங்குகளுக்குக் கூடுதல் ஊட்டம் கொடுக்காமல் வைத்திருங்கள். மூன்று மாதம் கழித்தும் இரு குழுவுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் அந்தக் கலவையை நிறுத்திவிட்டு, தீவன மாதிரியைப் பகுப்பாய்வுக்கு அனுப்பி, அதன் முடிவோடு கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.