ஜாவா பைப்பில் டேட்டா எங்கே சிக்கிக்கொள்கிறது?

ஒரு திரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை) எழுதும் பைட்டுகளை இன்னொரு திரெட் படிக்க, ஜாவாவில் பைப்டு அவுட்புட் ஸ்ட்ரீம், பைப்டு இன்புட் ஸ்ட்ரீம் என்ற ஜோடி ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. இந்த ஜோடிதான் பைப்; டேட்டா ஒரே திசையில்தான் போகும்.

எழுதுவதையும் படிப்பதையும் ஒரே திரெட்டில் வைக்காதீர்கள். பைப்பின் பஃபர், அதாவது டேட்டா தற்காலிகமாகத் தங்கும் இடம், இயல்பாக 1024 பைட்தான். சின்ன வாக்கியத்தை வைத்துச் சோதித்தால் ஒழுங்காக ஓடும். 1025-வது பைட்டை எழுதப் போகும்போது இடம் காலியாகட்டும் என்று திரெட் காத்திருக்கும். காலி செய்ய வேண்டியதும் அதே திரெட், அதனால் புரோகிராம் அப்படியே நின்றுவிடும். ஜாவா 6 முதல் பஃபர் அளவை நாமே கொடுக்கலாம், ஆனால் அது சிக்கலைத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது.

அடுத்து ஃபிளஷ், அதாவது எழுதியாயிற்று என்று படிப்பவருக்குச் சொல்லும் அழைப்பு. காலியான பைப்பில் காத்திருக்கும் ரீடர் (படிக்கும் திரெட்), ஒரு விநாடிக்கு ஒருமுறைதான் தானாக விழித்துப் பார்க்கும். எழுதியதும் ஃபிளஷ் செய்தால் உடனே எழுப்பப்படும். பைப் மெதுவாக இருக்கிறது என்று புகார் சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, க்ளோஸ் செய்ய மறப்பது. எழுதும் முனையை மூடினால்தான் ரீடருக்கு, டேட்டா முடிந்தது என்று சொல்லும் -1 கிடைக்கும். மூடாமலே ரைட்டர் திரெட் முடிந்துபோனால், 'ரைட் எண்ட் டெட்' என்றோ 'பைப் புரோக்கன்' என்றோ ரீடருக்கு எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) வரும். அதுகூடப் பரவாயில்லை, தவறு கண்ணில் படுகிறது. ஆனால் திரெட்டுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் திரெட் பூலில் ரைட்டர் ஓடினால், வேலை முடிந்தும் திரெட் உயிரோடு இருக்கும்; ரீடர் எந்த எக்செப்ஷனும் இல்லாமல் காத்துக்கொண்டே கிடக்கும்.

சரி, ஜாவாவின் ட்ரை-வித்-ரிசோர்சஸ் பிளாக் போட்டால் தானாக மூடிவிடுமே என்பீர்கள். போடத்தான் வேண்டும். ஆனால் அதிலும் ஒரு குழி இருக்கிறது. ரைட்டர் பாதியில் எக்செப்ஷன் எறிந்தாலும் ஸ்ட்ரீம் முறையாகவே மூடப்படும். ரீடருக்கு வழக்கமான -1 வரும், அரைகுறை ஃபைலை முழு ஃபைல் என்று நம்பிச் சேமித்துவிடும். எனவே ரைட்டரின் ஃபியூச்சரை (வேலையின் முடிவைச் சொல்லும் ஆப்ஜெக்ட்) கையில் வைத்திருந்து, ரீடர் முடித்ததும் அதன் get() மெத்தடை அழைத்து, எக்செப்ஷன் வரவில்லை என்று உறுதியான பிறகே சேமியுங்கள்.

அப்புறம், ஒரு பைப்புக்கு ஒரு ரைட்டர் போதும். இரண்டு திரெட்டுகள் எழுதினால் பைட்டுகள் கலந்துவிடும். அனுப்ப வேண்டியது ஆப்ஜெக்ட் என்றால் பைப்பே வேண்டாம், திரெட்டுகளுக்கிடையே ஆப்ஜெக்ட்டுகளை வரிசையாகக் கடத்தும் அர்ரே பிளாக்கிங் கியூ எடுத்துக்கொள்ளுங்கள்.