பொம்மைத் தொடர்கடை மூழ்கப் போகிறதா? சரக்கு கொடுப்பவர் கணக்கில் பார்க்க வேண்டியவை

பெரிய பொம்மைக் கடை மூடப்பட்டதும் பழி அமேசான் மேல் விழும். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் கடனுக்குச் சரக்கு அனுப்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வட்டியை. 2017-ல் திவாலான அமெரிக்கப் பொம்மைத் தொடர்கடை டாய்ஸ் ஆர் அஸ் கணக்கே இதற்கு நல்ல பாடம்.

ஆண்டறிக்கையில் செயல்பாட்டு லாபத்தை (வட்டிக்கும் வரிக்கும் முன் வியாபாரத்தில் வந்த லாபத்தை) எடுத்து, வட்டிச் செலவால் வகுங்கள். விடை 3-க்கு மேல் இருந்தால் கவலை குறைவு. 1.5-க்குக் கீழே இறங்கினால் நீங்கள் தரும் கடன் வரம்பைச் சுருக்குங்கள். 2017 ஜனவரியில் முடிந்த ஆண்டில் டாய்ஸ் ஆர் அஸ் சுமார் 1,150 கோடி டாலருக்கு விற்றது. செயல்பாட்டு லாபம் ஏறக்குறைய 46 கோடி டாலர், வட்டியும் கிட்டத்தட்ட அதே அளவு. வியாபாரத்தில் லாபம் வந்தது. கடையைப் புதுப்பிக்கவோ இணைய விற்பனையை வளர்க்கவோ அதில் மிச்சமில்லை.

அந்தக் கடன் எதற்காக வாங்கப்பட்டது என்றும் பாருங்கள். 2005-ல் பெய்ன் கேப்பிடல், கே.கே.ஆர்., வோர்னாடோ என்ற மூன்று முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து இந்த நிறுவனத்தை 660 கோடி டாலருக்கு வாங்கின. அதில் 500 கோடிக்கு மேல் கடன். அடைக்க வேண்டியதோ வாங்கப்பட்ட நிறுவனம். புதுக் கிளை திறக்க வாங்கும் கடன் விற்பனையைக் கொண்டுவரும், இந்தக் கடன் ஒரு பொம்மையைக்கூட விற்றுத் தராது. இன்னொரு அமெரிக்கப் பொம்மைத் தொடர்கடையான கே.பி. டாய்ஸ் கதையும் இதே வகைதான்: 2000-ல் பெய்ன் வாங்கியது, 2002-ல் உரிமையாளர்களுக்குப் பெரிய ஈவுத்தொகை போனது, 2004-ல் திவால் மனு.

ஆண்டறிக்கையில் ஒரு கண்கட்டு உண்டு. கணக்காண்டு ஜனவரிக் கடைசியில் முடிவதால், கிறிஸ்துமஸ் விற்ற பணம் அப்போது கையில் இருக்கும். ஆகவே அக்டோபர் கடைசியில் முடியும் காலாண்டைப் பாருங்கள். சரக்கும் கடனும் உச்சத்தில் நிற்பது அப்போதுதான். வால்மார்ட் பண்டிகைக் காலத்தில் பொம்மையை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு மளிகையில் ஈடுகட்டிக்கொள்ளும். பொம்மை மட்டும் விற்கும் கடைக்கு அந்த வழி இல்லை. 1998-லேயே அமெரிக்கப் பொம்மை விற்பனையில் வால்மார்ட் முதலிடத்தைப் பிடித்துவிட்டது.

கடைசிக் கட்டம் மிக வேகமானது. 2017 செப்டம்பரில், கடன் மறுசீரமைப்புக்கு வக்கீல்களை அமர்த்திய செய்தி கசிந்ததும், ஒரே வாரத்தில் சரக்கு அனுப்புவோரில் ஏறக்குறைய 40 சதவீதத்தினர் ரொக்கம் கேட்டார்கள். பண்டிகைச் சரக்கு ஏற்றும் மாதத்தில் அதற்குப் பணம் ஏது? செப்டம்பர் 18 அன்று திவால் மனு போனது. 2018 ஜூன் கடைசியில் அமெரிக்கக் கடைகள் எல்லாம் மூடப்பட்டன.

அறிகுறி தெரிந்ததும் 60 நாள் தவணையை 15 நாளாக்குங்கள், ஒரே பெரிய சரக்கைச் சிறு சிறு தொகுதிகளாகப் பிரித்து அனுப்புங்கள். அமெரிக்கத் திவால் சட்டப்படி, மனுவுக்கு முந்தைய 20 நாளில் கடைக்குப் போய்ச் சேர்ந்த சரக்கின் பணத்துக்கு மற்றக் கடன்களைவிட முன்னுரிமை கிடைக்கும். கணக்கு பில் தேதியிலிருந்து அல்ல, கடை கையில் பெற்ற தேதியிலிருந்து. கையொப்பமிட்ட டெலிவரிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். மனுவுக்குப் பிறகும், நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று கடனுக்கு அனுப்பாதீர்கள். டாய்ஸ் ஆர் அஸ்ஸுக்கு அப்படி அனுப்பியவர்களுக்கு முழுத் தொகை வரவில்லை.