பைபாஸுக்குப் பிறகும் விடாத நெஞ்சு நோவு: வீட்டில் சமாளிக்கும் முறை

திருகோணமலையில் இருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ சென்று இதயச் சத்திர சிகிச்சை செய்துகொண்டு திரும்பும் எங்களுக்கு, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது மருந்தும் கிளினிக் திகதியும் தருவார்கள். அதன் பிறகு வரும் இரவுகளை வீட்டில்தான் கடக்க வேண்டும். பைபாஸ் செய்துகொண்ட நான், எனக்குப் பயன்பட்ட முறைகளை, வைத்தியர்களும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் சொன்ன காரணங்களோடு இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: எந்த நோவு என்று பிரித்தறியுங்கள்

சத்திர சிகிச்சையில் மார்பெலும்பை நெடுக அறுத்து, முடிவில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் கட்டுகிறார்கள். அந்த எலும்பு பொருந்த 6 முதல் 8 வாரங்களாவது செல்லும். முழுப் பலம் பெற 3 மாதங்கள் வரை ஆகலாம். இருமும்போதும், புரளும்போதும், விரலால் அழுத்தும்போதும் கூடுகிற நோவு பெரும்பாலும் எலும்பிலும் தசையிலும் இருந்து வருவது. நடக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்து, தாடைக்கோ கைக்கோ பரவி, நின்றவுடன் தணிகிற நோவு இதயத்தினுடையதாக இருக்கலாம். கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நெஞ்சு இறுகுகிறது என்றால், அது காயம் ஆறும் நோவு என்று நினைத்து இருந்துவிடாமல் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஓய்விலும் தணியாத இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். ஓட்டோ தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ், அசையும்போது மார்பெலும்பு ‘கிளிக்’ என்று ஒலித்தல் ஆகியவையும் அன்றைக்கே காட்ட வேண்டியவை. மூச்சை உள்ளிழுக்கும்போதும் மல்லாந்து படுக்கும்போதும் கூடி, முன்னே சாய்ந்தால் குறைகிற நோவு, இதயத்தைச் சுற்றியுள்ள உறையின் அழற்சியால் வரலாம்; அதற்குத் தனி மருந்து உண்டு.

இரண்டாம் படி: கட்டிலில் இருந்து எழும்புதல்

என்னை அதிகம் வருத்தியது இதுதான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். மல்லாந்து கிடந்தபடி கையை ஊன்றி எழும்பினால், உடலின் பாரம் முழுவதும் அறுத்த எலும்பின் இரு பாதிகளையும் எதிரெதிராக இழுக்கிறது. அதற்குப் பதிலாக முழங்கால்களை மடித்து, சிறிய தலையணையை நெஞ்சோடு இரு கைகளாலும் அணைத்து, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி பக்கவாட்டில் புரளுங்கள். பிறகு கால்களைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்க விட்டால், அவற்றின் பாரமே மேலுடம்பைத் தூக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் மூச்சை அடக்காமல் வெளியே விட்டபடி, முழங்கையை உடலோடு ஒட்டி இலேசாக ஊன்றினால் போதும். எழுந்தவுடன் நிற்காமல், தலைச்சுற்று அடங்கும்வரை சற்று இருங்கள். பாயில் படுத்துப் பழகியவர்கள் சில மாதங்களுக்குக் கட்டிலுக்கு மாறுவது நல்லது. சாய்மனைக் கதிரையையும் தவிர்த்து, உயரமான, நேரான கதிரையில் இருங்கள்.

இருமலுக்கும் அதே தலையணைதான். மருந்துக்கடைகளில் விற்கும் நெஞ்சுப் பட்டியைவிட அதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் எங்கள் ஊர் வெக்கையில் பட்டிக்குள் வியர்த்துத் தோல் புண்ணாகிறது. ஆனால் வைத்தியர் பட்டி கட்டச் சொல்லியிருந்தால் கட்டாயம் கட்டுங்கள். இருமாமல் அடக்கினால் சளி தேங்கிவிடும்.

மூன்றாம் படி: மருந்து

பனடோலை (பரசிட்டமோல்) நோவு உச்சத்துக்கு ஏறும்வரை காத்திருக்காமல், வைத்தியர் சொன்ன நேரத்துக்கே எடுங்கள். 500 மில்லிகிராம் மாத்திரையானால் 24 மணி நேரத்தில் 8 தான் உச்ச அளவு, ஈரல் நோய் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற நோவு மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். பைபாஸ் செய்தவர்களுக்கு அவை மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும்.

நான்காம் படி: அசைவு

கிணற்றில் தண்ணீர் அள்ளுதல், துருவலையில் தேங்காய் துருவுதல், 4 கிலோவுக்கு மேல் தூக்குதல் ஆகியவற்றை வைத்தியர் அனுமதிக்கும்வரை தள்ளி வையுங்கள். அதற்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டே இருந்தால் முதுகும் கழுத்தும் பிடித்துக்கொண்டு நெஞ்சு நோவையும் கூட்டும். தோள்களை மெதுவாகச் சுழற்றுங்கள். வெயில் ஏறுமுன் டச்பே கடற்கரையோரம் சமதரையில் நடங்கள்.

3 மாதங்களுக்குப் பிறகும் இடப்பக்கத்தில் எரிவு, விறைப்பு (மரத்துப்போதல்), சட்டை பட்டாலே கூச்சம் இருக்கிறதா? பைபாஸுக்காக மார்புச் சுவரின் உட்புறத்து நாடியை எடுக்கும்போது அருகிலுள்ள நரம்புகள் பாதிக்கப்படுவதால் இது வருகிறது. இதற்குப் பனடோல் அதிகம் உதவாது. கிளினிக்கில் “எரிகிறது, விறைக்கிறது” என்று தெளிவாகச் சொன்னால், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு நோவு மருந்துகள் பொருந்துமா என்று பார்ப்பார்கள். ஒரே புள்ளியில் குத்துகிற நோவுக்குத் தோலின் கீழ் துருத்தும் கம்பி காரணமாகலாம். தேவையானால் அதை அகற்றலாம்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

கிளினிக்குக்குப் போகும் நீண்ட பயணத்தைப் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். வாகனத்தில் பின் இருக்கையில் இருந்து, இருக்கைப் பட்டிக்கும் நெஞ்சுக்கும் இடையில் மடித்த துவாயை வையுங்கள். பட்டியைக் கழற்ற வேண்டாம். கந்தளாயிலும் ஹபரணையிலும் இறங்கிச் சற்று நடங்கள். மார்பின் பாரம் காயத்தை இழுக்கிறது என்று எழுதிய சகோதரிக்கு: கம்பியில்லாத, முன்பக்கம் கொக்கியுள்ள பருத்தி உள்ளாடையை இரவிலும் அணிவது அந்த இழுப்பைக் குறைக்கும்.