ஆர்.எக்ஸ். 100 ரெடி பண்ணுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊருக்கு ஊர் யாரோ ஒரு பையன் பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் வாங்கி ரெடி பண்ணிக்கொண்டிருக்கிறான். 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதற்கப்புறம் பிறந்தவர்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் விழுந்த அதே பள்ளங்களில் இவர்களும் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கியர் ஆயில் மாற்றுங்கள், செயின் தொய்வு பாருங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் டூ-ஸ்ட்ரோக் பக்கமே வர வேண்டாம்.

முதலில் பெயிண்ட்

வேண்டாம். என்ஜின் ஓடி, வெல்டிங் வேலையெல்லாம் முடிந்த பிறகு.

நம்பரைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பது

சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எழுத்துகள் ஏறி இறங்கி இருந்தாலோ, சுற்றிலும் கிரைண்டர் ஓட்டிய தடம் தெரிந்தாலோ, விலையை எவ்வளவு குறைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டு வண்டிச் சந்தையில் ஆர்.எக்ஸுக்குக் கிராக்கி அதிகம். 135 சிசி என்ஜினைத் தூக்கி நூறில் மாட்டியவர்களும் ஏராளம் என்பதால் என்ஜின் நம்பரையும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப் பாருங்கள். ஆர்.சி.யின் 15 வருடம் எப்போதோ முடிந்திருக்கும். அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்து வந்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.

பிஸ்டன் ஏன் பிடித்துக்கொண்டது என்று கேட்காமல் போர் போடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். "அண்ணே, மறுபடி பிடிச்சுக்கிச்சு. பிஸ்டன் டூப்ளிகேட்டா இருக்கும்போல." வாங்கியபோதே என்ஜின் ஜாம். லேத்தில் கொடுத்து 0.50 ஓவர்சைஸ் போர் போட்டு, அதாவது சிலிண்டர் பிளாக்கின் உள்விட்டத்தை அரை மில்லிமீட்டர் கூட்டிக் குடைந்து, புதுப் பிஸ்டன், புது ரிங். ஒரு மாதம்கூட ஓடவில்லை. இப்போது 1.00-க்குப் போகலாமா என்று கேட்கிறான். பழைய பிஸ்டன் எங்கேடா என்றால், மெக்கானிக் தூக்கிப் போட்டுவிட்டாராம்.

பிடித்துக்கொண்ட பிஸ்டனைத் தூக்கிப் போடவே கூடாது. எதனால் பிடித்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். சைலன்சர் பக்கம் மட்டும் உரசியிருந்தால், பெட்ரோல் குறைந்து காற்று கூடி, சூடேறிப் பிடித்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படலாம். சுற்றிலும் இழுபட்டிருந்தால் ஆயில் போகவில்லை, அல்லது லேத்தில் போரை இறுக்கமாகப் போட்டுவிட்டார்கள்.

இவன் வண்டியில் இருந்த இரண்டாவது பிஸ்டனில் சைலன்சர் பக்கம் மட்டும் கீறல். பிளக் முனை வெளுத்துக் கிடந்தது. ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்காமல் இரைந்துகொண்டிருந்ததா என்று கேட்டேன். ஆமாம் என்றான். "ஆனா அண்ணே, கடைசி ரெண்டு நாள் வண்டி பறந்துச்சு." பறக்கத்தான் செய்யும். பெட்ரோல் குறைந்த கலவையில் சாகப்போகும் என்ஜின் அப்படித்தான் குஷியாக ஓடும்.

டூ-ஸ்ட்ரோக்கில், பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறையான கிராங்க் கேஸும் ஒரு பம்ப்தான். பிஸ்டன் மேலே போகும்போது கார்புரேட்டரிலிருந்து ரீட் வால்வு என்ற ஒருவழிக் கதவு வழியாகக் கலவை உள்ளே வரும். பிஸ்டன் இறங்கும்போது அது அழுத்தப்பட்டு மேலே சிலிண்டருக்கு ஏறும். அதனால் கிராங்க் கேஸில் ஊசி நுழையும் ஓட்டைகூட இருக்கக் கூடாது. காற்றை அடைத்து நிற்பவை கிராங்க்கின் இரண்டு பக்க ஆயில் சீல்கள். வருடக்கணக்கில் மூலையில் நின்ற வண்டியில் அந்த ரப்பர் இறுகிப்போகும். மேக்னட் (கரண்ட் தரும் சக்கரம்) பக்கச் சீல் போனால் வெளிக்காற்றை இழுத்துப் பிஸ்டனைப் பிடிக்க வைக்கும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து எரிக்கும்: வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காது, கீழே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் ஆயில் குறையும்.

மேக்னட்டைக் கழற்றிச் சீலை வெளியே எடுத்தோம். நகத்தால் அழுத்தினால் குழிய வேண்டிய அதன் உதடு, பிளாஸ்டிக் மாதிரி 'டக்'கென்று உடைந்து கையோடு வந்தது. போர், பிஸ்டன், லேபர் என்று செலவழித்த பணத்துக்கு முன்னால் அந்தச் சீலின் விலை ஒன்றுமே இல்லை.

பணத்தைவிட பிளாக் போவதுதான் வயிற்றெரிச்சல். கால் மில்லிமீட்டர் படிகளாக 1.00 வரை போகலாம், அதற்கப்புறம் ஸ்லீவ் என்ற புது உள்குழாய்தான். ஒவ்வொரு தப்பான போரும் திரும்பக் கிடைக்காத இரும்பைச் சுரண்டி எடுக்கிறது.

என்ஜினைப் பிரித்தால் இரண்டு சீலையும் மாற்றுங்கள், நன்றாகத் தெரிந்தாலும் சரி. மூட்டிய பிறகு கசிவு பாருங்கள். பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். சைலன்சர் வாயையும் ஆயில் பைப்பையும் அடைத்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றி, அது மாட்டும் வாய் வழியாக ஐந்தாறு பி.எஸ்.ஐ. காற்று ஏற்றுங்கள். பி.பி. பார்க்கும் கருவியின் பல்பும் டயலுமே போதும், 250-க்கு மேல் ஏற்றினால் அந்த அழுத்தம்தான். முள் சில நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வெளியே எங்கும் குமிழி வரவில்லையென்றால் கியர் ஆயில் ஊற்றும் துவாரத்தில் காதை வையுங்கள். அங்கே சீறினால் கிளட்ச் பக்கச் சீல்.

இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் லேத்துக்குப் போங்கள். பிஸ்டனை முதலில் வாங்கி, பிளாக்கோடு சேர்த்துக் கொடுங்கள். அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் போட வேண்டும். போர் போட்டதும், சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் என்ற துவாரங்களின் விளிம்புகள் கத்தி மாதிரி நிற்கும். அவற்றை மழுக்காமல் மாட்டினால் ரிங் போய் மாட்டி உடையும். நிறைய லேத்துகளில் இதைக் கேட்டால்தான் செய்வார்கள்.

டூ-டி ஆயிலைத் தானாக ஊட்டும் பம்ப்பை அடைத்துவிடுவது

"பம்ப்பை நம்பாதீங்க, பெட்ரோல்ல கலந்து ஊத்துங்க" என்று சொல்லாத மெக்கானிக் இல்லை. பெரும்பாலும் பம்ப் நன்றாகத்தான் இருக்கும், பைப்பில் காற்றை எடுக்காமல் விட்டிருப்பார்கள். பம்ப்பில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை விட்டு மூடுங்கள். முதல் டேங்குக்கு மட்டும் பெட்ரோலிலும் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் கலந்துகொள்ளுங்கள். புகை வரும், வரட்டும்.

சர்க்ளிப்

பிஸ்டன் பின்னைப் பிடித்து நிறுத்தும் இந்தக் கிளிப் எப்போதும் புதிது. மாட்டும்போது கிராங்க் கேஸ் வாயில் துணி, உள்ளே விழாமல் இருக்க.

துருப்பிடித்த டேங்குக்குக் கீழே புதுக் கார்புரேட்டர்

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓட்டாமல் நிறுத்திவைத்தால் துரு இன்னும் ஏறும். டேங்கைக் கழுவி, பெட்ரோல் டியூபை மாற்றிய பிறகு கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைப் பற்றி யோசிக்கலாம். ஜெட்டைக் கம்பி விட்டுக் குடைகிறவர்களிடம் பேசிப் பயனில்லை.

பழைய கிராங்க்கை எடைக்குப் போடுவது

சென்னைப் புதுப்பேட்டையில் புதுசு மாதிரி பளபளக்கும் கிராங்க் கிடைக்கிறது என்று ஓடாதீர்கள். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் ராடு ஆட்டம் கண்டிருந்தாலும், பேரிங் உட்காரும் இடம் தேயாமல் இருந்தால் ராடு கிட் மட்டும் போட்டால் போதும். டயல் கேஜ் வைத்து ட்ரூயிங் (கிராங்க் நேராகச் சுழல்கிறதா என்று) பார்க்கிற லேத்தாகத் தேடிப் பிடியுங்கள். சுத்தியலால் தட்டிவிட்டுக் கண்ணால் பார்க்கிறவரிடம் கொடுக்க வேண்டாம்.