தக்ளியில் நூற்ற கம்பளியைப் பின்னலுக்குத் தயார்செய்தல்

புதிதாக நூற்பவர்கள் கழுவிச் சீவிய கம்பளியில் தொடங்குவது நல்லது. அதன் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் பருத்திப் பஞ்சைவிட எளிதில் நூலாகும். தக்ளியை, அதாவது கையால் சுழற்றி நூற்கும் சிறு கருவியை, வலப்புறமாகச் சுழற்றியபடி, முறுக்கு ஏறும் முன்பே இழைகளை மெல்ல இழுத்து மெலியவிட வேண்டும்; விரல்களைத் தாண்டி முறுக்கு மேலேறிவிட்டால், எவ்வளவு இழுத்தாலும் இழை நகராது. ஒற்றைப் புரியில் பின்னிய துணி ஒருபக்கமாகச் சாயக்கூடும் என்பதால், இரண்டு புரிகளைச் சேர்த்து இடப்புறமாக முறுக்க வேண்டும். பிறகு நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, நிழலில் தொங்கவிட வேண்டும். உலர்ந்தபின் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பின்னிப் பார்த்து, அது விறைப்பாக இருந்தால் இன்னும் தடித்த ஊசிக்கு மாறுங்கள்.