கேரம்: ரெட்டைப் பார்த்ததும் பாயாதீர்கள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் மன்றத்துக்கு மன்றம் கேரம் போர்டு வெளியே வந்துவிடும். புதிதாக உட்காரும் பையன்கள் ஆடுவதைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. எங்கள் செட்டும் இதே தப்புகளைச் செய்து வளர்ந்ததுதான். ஸ்ட்ரைக்கர் விழுந்தால் மைனஸ் என்பது மாதிரி சமாச்சாரமெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம்.

பாக்கெட் வாயில் நிற்கிற காயை முதலில் போடுவது

தெருவில் கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, நடுவில் வைக்கிற சிவப்புக் காயான ரெட்டுக்கு 50 என்று ஆடிப் பழகியவர்களுக்கு ரெட்டைக் கண்டாலே கை துறுதுறுக்கும். போட்டிக் கணக்கு வேறு. 1988-இல் சென்னையில் தொடங்கிய சர்வதேச கேரம் கூட்டமைப்பின் விதிப்படி ஒரு கேம் 25 பாயிண்ட், அதில் ரெட்டுக்கு 3 தான். உங்கள் காய் ஒன்றாவது விழுந்த பிறகே ரெட்டைப் போடலாம், போட்ட கையோடு ஃபாலோவும், அதாவது உங்கள் காய் இன்னொன்றையும், போட வேண்டும். ஃபாலோ தவறினால் ரெட் நடுவட்டத்துக்குத் திரும்பிவிடும், ஆட்டமும் எதிராளி கைக்குப் போய்விடும்.

போன பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் நடந்த போட்டியில் ஒரு பையன் வெள்ளையில் ஏழு காயை மளமளவென்று போட்டுவிட்டான். மீதி இரண்டு. ஒன்று வலது பாக்கெட் வாயில், ஊதினால் விழுகிற மாதிரி. இன்னொன்று அவன் பக்கத்து ஓரக் கட்டையோடு ஒட்டிக்கொண்டு. அவன் என்ன செய்தான், வாயில் நின்றதை டக்கென்று தட்டிப் போட்டுவிட்டு நண்பர்களைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அடுத்து ரெட்டையும் அழகாகப் போட்டான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஃபாலோவுக்கு மிஞ்சியது கட்டையில் ஒட்டிய காய் மட்டும்தான். இரண்டு விரற்கடை தள்ளிப் போயிற்று. நடுவில் வைத்த ரெட்டை எதிராளி நிதானமாகப் போட்டு, ஃபாலோ எடுத்து, போர்டையே, அதாவது அந்தச் சுற்றையே, முடித்துவிட்டார். பையனிடம் மிச்சம் இருந்த ஒரு காய்க்கு 1, ரெட்டுக்கு 3, ஆக 4 பாயிண்ட் தானம்!

வாயில் நிற்கும் காய் எங்கும் ஓடிவிடாது. அது உங்களுக்கு ஃபாலோ, எதிராளிக்கு அந்தப் பாக்கெட்டில் அடைப்பு. அவர் அங்கே அடித்தால் உங்கள் காய்தான் முதலில் விழும். முதலில் சங்கடமான காயைக் கட்டையிலிருந்து பிரித்துவிடுங்கள், அப்புறம் ரெட், அதன் பிறகு வாய்க்காய். இதை நூறு தடவை சொன்னாலும் அடுத்த ஆட்டத்தில் மறுபடியும் டக்.

22-க்கு மேல் ரெட்டைத் துரத்துவது

22 பாயிண்ட் வந்துவிட்டால் ரெட்டுக்கான 3 உங்கள் கணக்கில் ஏறாது. போர்டை ஜெயிப்பதைப் பாருங்கள்.

ஸ்ட்ரைக்கரை அரைகுறையாக வைப்பது

ஸ்ட்ரைக்கர் உங்கள் பக்கத்து அடிக்கோடுகள் இரண்டையும் தொட வேண்டும். ஓரத்துச் சிவப்பு வட்டத்தை முழுசாக மூடுங்கள், இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள்.

மூலைப் பக்கம் போகும் அம்புக்கோட்டைக் கை தாண்டுவது

ஃபவுல்.

பவுடரைக் கொட்டுவது

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் போர்டு இழுக்கிறது என்று போரிக் பவுடரைப் பிடிப்பிடியாகக் கொட்டுகிறார்கள். அது ஈரத்தோடு சேர்ந்து திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு இன்னும் இழுக்கும். காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு சிட்டிகை தூவுங்கள். ஆட்டம் முடிந்ததும் போர்டை ஈரச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், பலகை வளைந்துவிட்டால் எந்தப் பவுடரும் உதவாது.